ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்ளே நான், வெளியே பிள்ளைகள். அவர்கள் வந்து கேட்பதும் நான் எடுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் ஒரே தாள்தான்: ப்ரொவிஷனல் சர்டிபிகேட். தேறிவிட்டார் என்று சொல்லும் தாள். பட்டமளிப்பு விழா முடிந்து கெட்டிக் காகிதத்தில் ஒரிஜினல் வருகிற வரைக்கும் இதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வருடமாக இதை டைப் செய்து, மதிப்பெண்ணோடு சரிபார்த்து, கையெழுத்துக்கு அனுப்பி, முத்திரை குத்தி, ஜன்னல் வழியாக நீட்டுகிறேன். இத்தனை வருடமும் நான் அங்கே ஒப்பந்த ஊழியர்தான். அதனால் ப்ரொவிஷனல் என்ற சொல் என் மேஜையிலும் இருக்கிறது, என் நியமன உத்தரவிலும் இருக்கிறது.

தாளை வாங்கியதும் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்பார்கள்: “இது ப்ரொவிஷனல்தானே மேடம்?” அந்தத் ‘தானே’யைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று வருடம் படித்து எழுதித் தேறியவர்கள், தேறியதைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் தேறாதவர்கள் மாதிரி நிற்பார்கள். தமிழில் தற்காலிகம் என்கிறார்கள், தெலுங்கில் தாத்காலிகம் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வாயால் சொல்லும்போது இரண்டையும் யாரும் சொல்வதில்லை. தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் ப்ரொவிஷனல்தான். இங்கிலீஷில் சொன்னால்தான் அதற்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றுகிறது போலிருக்கிறது.

எனக்கு அந்தச் சொல்லை முதலில் காட்டியவர் சித்தூரில் எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர்தான் ஆபீசை விட்டு வந்தார், ஆபீஸ் அவரை விட்டுப் போகவில்லை. சபைக்கு இரண்டு பாய் வாங்கினாலும் ஒரு ஃபைல் திறப்பார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தாலும் யாருக்கு எத்தனை என்று இரண்டு பிரதி எடுப்பார். அதற்காக அவரைக் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, வெல்ல மண்டியில் தராசு பார்த்தவர். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான். ப்ரொவிஷனல் கைக்கு வந்த வாரமே அதை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி போட்டு, முன்னறையில் வசனக் காலண்டருக்கு மேலே மாட்டிவிட்டார். அடுத்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். ஆமென் சொல்லி எல்லாரும் கண்ணைத் திறந்தபோது செயலாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஃபிரேமுக்குக் கீழே நின்றிருந்தார்.

“இது ப்ரொவிஷனல்தானே?”

“அப்டினா இன்னா ஐயா?” என்றார் நைனா.

“தற்காலிகம். ஒரிஜினல் வந்தப்புறம்தான் ஃபிரேம் போடணும்.”

“பொண்ணு பாஸ் பண்ணது தற்காலிகமா?”

நைனா கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார். செயலாளரும் பொறுமையாகவே விளக்கினார், பாஸ் பண்ணியது பர்மனென்ட், பேப்பர்தான் தற்காலிகம் என்று.

“அப்ப பேப்பர் பாட்டுக்குத் தொங்கிக்கினு இருக்கட்டும். ஒரிஜினல் வந்தா மாத்திக்கலாம்” என்று நைனா காபி கொண்டுவரச் சொன்னார்.

ஒரிஜினலுக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். நான் போடவில்லை. முதலில் சோம்பேறித்தனம். பிறகு அது வீம்பாக மாறியது. எப்போது மாறியது என்றும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தேழு வயதில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்குத் தேர்வு எழுதினேன். தேர்வானவர்கள் பட்டியலைக் கல்வி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். தலைப்பு, ப்ரொவிஷனல் செலக்‌ஷன் லிஸ்ட். அடியில் தெலுங்கில் ஒரு வரி: அப்யந்தரம் உள்ளவர்கள் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். அப்யந்தரம் என்றால் நம் ஆட்சேபணை. நைனாவுக்குத் தெலுங்கு நன்றாகவே படிக்க வரும். ஆனால் அன்று அவர் என் பெயரோடு படிப்பதை நிறுத்திவிட்டார். நேராக மிட்டாய்க் கடைக்குப் போய் மைசூர்பாகு வாங்கி, தெரு முழுக்கக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டார். “அரசாங்க உத்தியோகம் கிடைத்ததற்காக” என்று அதைப் பீடத்திலிருந்து வாசித்தார்கள். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. நானும் புதுப் புடவையில்தான் இருந்தேன்.

அப்போது வேலூரில் ஒரு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. எங்கள் சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், ஊர் எல்லாம் சொல்லி, இந்த இருவரும் சேர்வதற்கு யாருக்காவது ஒரு தடை தெரிந்திருந்தால் சொல்லலாம் என்று போதகர் சபையைக் கேட்பார். மூன்று முறை கேட்டும் யாரும் எழுந்திருக்காவிட்டால் கல்யாணம் நடக்கும். எனக்கு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அந்த வாரம்தான் யாரோ ஒருவர் கல்வி அலுவலகத்துக்கு அப்யந்தரம் எழுதிப் போட்டார்.

நான் உள்ளூர் இல்லையாம். பள்ளிப் படிப்பில் சில வருடம் வேலூரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். அதனால் நான் அந்தப் பக்கத்து ஆளாம். நான் பிறந்தது சித்தூர். எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறை சித்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறது. செத்தும் ஊரை விட்டுப் போகாதவர்களைவிட உள்ளூர் யார் என்று கேட்டு எழுத வேண்டும் என்று கை துடித்தது. அம்மா எழுத விடவில்லை, ஆபீசைப் பகைத்துக்கொள்ளாதே என்றாள்.

வேலூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: ஃபைனல் லிஸ்ட் வரட்டும், அப்புறம் இரண்டாம் ஓலை வாசிக்கலாம். ஃபைனல் லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. இரண்டாம் ஓலையை வாசிக்கவே இல்லை. எங்கள் சபையில் முதல் ஓலையோடு நின்றுபோன பெண் என்று எனக்கொரு அடையாளம் கிடைத்தது. அதுமட்டும் பர்மனென்ட்.

மைசூர்பாகு தின்றவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் நைனாவுக்குத் தாங்கவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் அவர் தெரு வழியாகப் போகாமல் பின்சந்து வழியாக மண்டிக்குப் போனார். அம்மா வீட்டில் ஒரு சட்டம் போட்டாள்: எதுவாக இருந்தாலும் ஃபைனல் ஆகிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோனாள் என்றால், பல வருடம் கழித்து கொரோனா ஊசி முதல் டோஸ் போட்டு வந்த சர்டிபிகேட்டிலும் ப்ரொவிஷனல் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, “ரெண்டாவது ஊசி ஆவட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் ஊசி போட்டதையே மறைத்தாள்.

நைனாவுக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது நான் முப்பதைத் தொட்டபோது. திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டில் காலடியில் கேஸ் ஷீட் தொங்கும். அதில் ஒரு வரிக்கு மேல் அச்சிலேயே ப்ரொவிஷனல் டயக்னாசிஸ் என்று இருந்தது. அதற்கு நேராக டாக்டர் கையால் எழுதிய நோயின் பெயர், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நோயின் பெயரை எனக்குப் படிக்கத் தெரிந்தது. படித்துவிட்டு அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லை எனக்குப் பிடித்தது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

“இன்னா எழுதிக்கீறாங்க?” என்று நைனா கேட்டார்.

“ப்ரொவிஷனல் நைனா.”

அவர் சிரித்தார். “அப்ப பரவாலேது. யாராச்சும் அப்யந்தரம் போட்டா மாறிடும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த மனிதர் அத்தனை வருடம் கழித்து அந்த லிஸ்டைப் பற்றி வாய் திறந்தது அப்போதுதான். எட்டாம் நாள் காலையில் இறந்துபோனார். முடிவு வரவில்லை. வந்ததா என்று நானும் போய்க் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் அவருடைய நோய் ப்ரொவிஷனலாகவே இருந்தது, அவர் மட்டும் ஃபைனலாகப் போய்விட்டார்.

டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். தனக்கு இன்னும் தெரியவில்லை என்பதை மறைக்காமல் கேள்விக்குறி போட்டு எழுதினார். எழுதிவிட்டு வைத்தியத்தை நிறுத்தவில்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே மருந்து கொடுத்தார், ஊசி போட்டார், நீர் எடுத்தார். கல்வி அலுவலகத்தில் அதே சொல், நாளைக்குக் கையை விரிப்பதற்கு இன்றைக்கே வைத்துக்கொண்ட ஒரு பின்வாசல். என் தேர்வுப் பிரிவிலோ, கெட்டிக் காகிதம் இன்னும் அச்சாகி வரவில்லை, அவ்வளவுதான். மூன்று இடத்திலும் சொல் ஒன்று, அர்த்தமும் ஒன்றுதான். அதை யார் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். இதெல்லாம் அன்றைக்கே புரிந்ததாகச் சொன்னால் அது பொய். அன்றைக்கு எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான்.

அன்று வீட்டுக்கு முதலில் வந்தவர் செயலாளர். குடையும் சபையின் அடக்க ரிஜிஸ்டருமாக வந்தார். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். குழி வெட்டுபவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பெயர், வயது, தகப்பன் பெயர், இறந்த நேரம் எல்லாவற்றையும் தன் முத்து முத்தான ஆபீஸ் கையெழுத்தில் நிரப்பினார். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மண் போட்டாயிற்று. அவர் இல்லாவிட்டால் அம்மாவும் நானும் தடுமாறியிருப்போம்.

அடுத்த வருடம் திருப்பதியில் இந்த ஒப்பந்த வேலை கிடைத்தது. சித்தூரிலிருந்து தினமும் பஸ். பூதலப்பட்டு, சந்திரகிரி, திருப்பதி, திரும்பவும் அதே வழி. கல்யாணப் பேச்சு வந்தால், “வேலை பர்மனென்ட் ஆவட்டும்” என்று அம்மாவே பதில் சொல்லிவிடுவாள். வேலையும் ஆகவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. முப்பத்தொன்பது ஆகிவிட்டது.

அந்த வயதில்தான் ஜன்னலுக்கு வெளியே அவர் வந்து நின்றார். நகரியில் விசைத்தறி ரிப்பேர் செய்கிறவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தறிக்கூடத்தில் நின்றுகொண்டே தபால் வழியில் பி.ஏ. எழுதித் தேறி, நாற்பத்து நாலு வயதில் ப்ரொவிஷனல் வாங்க வந்திருந்தார். விரல் நகத்தில் எண்ணெய்க் கறுப்பு. தாளை வாங்கி ஓரமாக நின்று, முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் படித்தார். பிறகு திரும்பி வந்தார். வழக்கமான ‘தானே’ வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“மேடம், இதுலயே எல்லாம் கீதே. இன்னும் இன்னா வரணும்?”

“ஒரிஜினல் வரணும்.”

“அதுல இன்னா புச்சா எழுதுவாங்க?”

“இதேதான். பேப்பர் கெட்டியா இருக்கும்.”

“அப்ப சரி” என்று சொன்னவர் போகவில்லை. “தறியில நாலு விரக்கட நீளம் ஓடினாலும் அது துணிதான் மேடம். அறுத்து மடிச்சப்பறம்தான் துணின்னு நாங்க சொல்றதில்ல.”

பத்து வருடமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. அடுத்த முறை மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்துப் பிழை என்று வந்தார். அதற்கடுத்த முறை பிழை எதுவும் இல்லை, வந்தார். ஆறு மாதம் கழித்து நானே கேட்டேன், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. பெண் கேட்கலாமா என்று யாராவது கேட்டால், நாற்பது தொடப்போகும் பெண் கேட்கலாம், அதற்கு விண்ணப்பப் படிவம் ஒன்றும் கிடையாது.

அவர் நெசவுக் குடும்பத்து இந்து. எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தார், போதகரிடம் உட்கார்ந்து படித்தார், ஞானஸ்நானம் எடுத்தார். எனக்காகவா என்று கேட்டேன். “பாதி உனக்காக. மீதி எதுக்குன்னு எனக்கே இன்னும் தெரியல” என்றார். முழுவதும் கடவுளுக்காக என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். போதகரிடமும் இதையே சொல்லியிருக்கிறார். போதகர் இளவயசு, புதிதாக மாற்றலாகி வந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது போதும் என்று சொல்லிவிட்டார்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சபை அறிவிப்புப் பலகையைச் சுற்றிக் கூட்டம். போய்ப் பார்த்தேன். செயலாளர் டைப் செய்து ஒட்டியிருந்தார். தலைப்பு, விவாகங்களின் ப்ரொவிஷனல் பட்டியல். அதில் ஒரே வரிசைதான், எங்களுடையது. மாப்பிள்ளை பெயருக்கு நேராகக் குறிப்பு என்ற கட்டத்தில்: சபை உறுப்பினர் தகுதி, ப்ரொவிஷனல். அடியில்: ஆட்சேபணை உள்ளவர்கள் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். அதற்கும் கீழே சபையின் வட்ட முத்திரை. அறுபது வருடம் ஓலை கேட்ட கிழவிகள்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சிலர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. “இன்னொரு வாட்டியா?” என்றாள்.

போதகரிடம் போனேன். “ஐயரே, அப்படி ஒரு விதி இருக்குதா?” எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

“விதி இல்லமா. பழக்கம்.”

“யாரு பழக்கம்?”

போதகர் செயலாளர் வீடு இருக்கும் பக்கம் பார்த்தார்.

திரும்பப் பலகைக்கு வந்தேன். கைப்பையில் எப்போதும் பேனா இருக்கும். இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லை ஒரே கோடாக அடித்தேன். எங்கள் பிரிவில் ஒரு திருத்தம் செய்தால் ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. அதனால் இரண்டு இடத்திலும் சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். செயலாளர் அதைப் பார்த்துவிட்டார். “உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது பாப்பா?” என்றார். “கட்டிக்கப் போறது நான்தான ஐயா” என்று சொல்லிவிட்டு அம்மாவை ஆட்டோவில் ஏற்றினேன்.

அந்த வாரம், ஆறு மாதம் கழித்துத்தான் கல்யாணம் என்று செயலாளர் சொல்லிக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது. வீம்பாகப் பேசிவிட்டேனே தவிர உள்ளுக்குள் பயம்தான். ஒரு முறை ஓலை நின்ற பெண்ணுக்கு இன்னொரு முறை நின்றால், மூன்றாவது கல்யாணப் பேச்சு என்பதே கிடையாது. “ஆறு மாசம்னா ஆறு மாசம் இருக்கலாம், எனக்கு ஒண்ணும் இல்ல” என்று நகரியிலிருந்து அவர் போனில் சொன்னார். எனக்கு இருக்கிறது என்றேன். என் பன்னிரண்டு வருடத்தை இந்த ஒரு சொல் தின்றிருக்கிறது. இனி ஆறு நாள்கூட அதற்குப் போட மாட்டேன்.

இரண்டாவது ஞாயிறு. போதகர் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் செயலாளர் எழுந்தார், கக்கத்தில் ஃபைலோடு.

“ஐயரே, ஒரு சின்ன அப்யந்தரம். மாப்பிள்ளை நல்லவர், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவரோட மெம்பர்ஷிப் ப்ரொவிஷனல். ஆறு மாசம் ஒழுங்கா ஆராதனைக்கு வந்து, திடப்படுத்தல் எடுத்தாருன்னா ஃபைனல் ஆயிடும். அப்பறம் ஓலை வாசிங்க, யாருக்கும் அப்யந்தரம் இல்ல. ஆறு மாசம்தான, காத்துக்கினு இருக்கட்டுமே.”

போதகர் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் அதை மடித்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. நான் எழுந்தேன். எங்கள் சபையில் ஓலை வாசிக்கும்போது பெண் எழுந்து பேசிய வழக்கம் இல்லை. அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“ஐயா, தடை இருந்தா சொல்லுங்கன்னுதான் ஓலையில கேக்கறாங்க. நீங்க தடை எதுவும் சொல்லல. காத்துக்கினு இருன்னு சொல்றீங்க.”

“நல்லதுக்குத்தான பாப்பா சொல்றேன். எல்லாம் ஒரு ஒழுங்குல...”

“எங்க நைனா போனப்ப கேஸ் ஷீட்டுல ப்ரொவிஷனல்னுதான் எழுதியிருந்துது. ஃபைனல் ரிப்போர்ட் வரவே இல்ல. அன்னிக்கு மொதல்ல வந்தது நீங்க. ரிஜிஸ்டர்ல எழுதினது நீங்க. குழிக்குச் சீட்டு குடுத்தது நீங்க. ஃபைனல் வரட்டும், அதுவரைக்கும் காத்துக்கினு இருக்கலாம்னு அன்னிக்கு ஏன் ஐயா சொல்லல?”

செயலாளர் ஃபைலை மறு கக்கத்துக்கு மாற்றினார்.

“பொதைக்கறதுக்கு ப்ரொவிஷனல் போதும்னா, கட்டிக்கறதுக்கும் போதும்.”

முந்தானையைப் பிடித்திருந்த அம்மாவின் கை விட்டுவிட்டது. அந்த வார்த்தை செயலாளருக்கு வலித்திருக்கும். எங்களுக்கு உதவி செய்த ஒரு நாளை எடுத்தே அவரை அடித்தேன். அது எனக்குத் தெரியும். வலிக்கட்டும் என்றுதான் அடித்தேன். இன்றைக்கும் அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

செயலாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஃபைலைத் திறந்தார், மூடினார். “ஐயரே, நோட் பண்ணிக்கினேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். போதகர் மூச்சை இழுத்துக்கொண்டு, தேவைக்கு மேல் சத்தமாக, “இது இரண்டாம் முறை” என்று வாசித்து முடித்தார்.

மூன்றாவது ஞாயிறு மழை. தடை உண்டா என்று போதகர் கேட்டதும் செயலாளர் எழுந்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவர் நடந்துபோய், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கல்யாணத்தன்று ரிஜிஸ்டரை எழுதியவரும் அவரே. அதே முத்து முத்தான கையெழுத்து. மணமகனின் சபை என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எங்கள் சபையின் பெயரை எழுதினார். முன்னால் எதையும் சேர்க்கவில்லை. நானும் என் கைப்பையைத் திறக்கவில்லை.

திருப்பதியில் வீடு பார்த்துக்கொண்டோம். நைனா மாட்டிய ஃபிரேம் இப்போது இங்கே முன்னறையில் இருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும் பிரிவிலேயே ஒரு விண்ணப்பம் போட்டால் என் ஒரிஜினல் வந்துவிடும். சக ஊழியர்கள் கிண்டல் செய்கிறார்கள். போட மாட்டேன். அந்தத் தாளுக்கு இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை.

போன சனிக்கிழமை எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். ஒப்பந்த ஊழியர்களை நிரந்தரமாக்கும் பட்டியல். என் பெயர் இருக்கிறது. தலைப்பில் அந்தச் சொல்லும் இருக்கிறது, அடியில் ஏழு நாளும் இருக்கிறது. “ஃபைனல் வர்ற வரைக்கும் வெளிய சொல்லாத” என்று பக்கத்து நாற்காலிக்காரி காதில் சொன்னாள். அம்மாவும் போனில் அதையே சொல்லப் போனாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். அன்று மாலையே மைசூர்பாகு வாங்கினேன். மறுநாள் சித்தூரில் ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். அதற்கு முன்பே எங்கள் தெருவில் நைனா கொடுத்த வீடுகளில் ஒன்றுகூட விடாமல் கொடுத்திருந்தேன். செயலாளருக்கு இப்போது கைத்தடி வந்துவிட்டது. டப்பாவை அவர் முன் நீட்டினேன்.

“ஃபைனல் வந்துடுச்சா பாப்பா?”

“இல்ல ஐயா. ப்ரொவிஷனல்.”

எடுத்த துண்டு அவர் கையிலேயே நின்றது. “ஏழு நாள் டைம் குடுத்துருப்பாங்களே. யாராச்சும் அப்யந்தரம் போட்டா?”

“போடட்டும். நீங்க துன்னுங்க ஐயா. ஃபைனல் வந்தா இன்னொரு வாட்டி துன்னலாம்.”

அவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், துண்டை வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

இதை எழுதும் இன்று ஏழு நாளில் ஐந்தாம் நாள். மைசூர்பாகு தீர்ந்துவிட்டது.